பீரோவுக்கு ஒரு பிரேக்

அந்தப் பீரோவை நான் தூக்கப் போவதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் இப்படி ஒரு முடிவை எடுத்தபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. பன்னிரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நானாக எடுத்த மூன்றாவது முடிவு. முதல் இரண்டையும் என் மனைவி மாற்றிவிட்டாள். இதை அவளால் மாற்ற முடியாது. ஏனென்றால் இதை நான் அவளிடம் சொல்லப்போவதே இல்லை.

விஷயம் இதுதான். என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீடு மாறுகிறான். புது வீடு மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. அவனிடம் ஓர் இரும்புப் பீரோ இருக்கிறது. கதவில் ஆளுயரக் கண்ணாடி. போன தடவை அவன் வீடு மாறியபோது அதன் கீழ்ப்பக்கத்தை நான்தான் பிடித்தேன். படியேறும்போது கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. யாரோ பாவம், பெரிய கஷ்டத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். நான்தான். அதற்குப் பிறகு பதினோரு நாள் குனிந்தே நடந்தேன். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர்களெல்லாம், எவ்வளவு பணிவான மனிதர் என்று முதலாளியிடம் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அந்த வழி எனக்கு அடைபட்டது. என் மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். காய்ச்சல் என்றால் நான் வாயை மூடுவதற்குள் தெர்மாமீட்டர் உள்ளே இருக்கும். இடுப்புவலி என்றால், "எங்கே, இங்கேயா?" என்று கேட்டு, வலிப்பதாக நான் சொல்ல மறந்த இடத்தில் அமுக்கிப் பார்ப்பாள்.

ஆகவே நோய் எனக்கு வரக்கூடாது. வண்டிக்கு வரவேண்டும்.

என் மோட்டார் சைக்கிளுக்கு நிஜமாகவே நோய் இருந்தது. ஒரு மாசமாக முன் பிரேக் கத்திக்கொண்டிருந்தது. சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பட்டைகள், பிரேக் பேட் என்பார்களே, அவை தேய்ந்து போயிருந்தன. லீவரைப் பிடித்தால் 'க்ரீ...ச்' என்று ஒரு அலறல். என் ஹாரனுக்கு ஒதுங்காதவர்கள்கூடப் பிரேக்குக்கு ஒதுங்கினார்கள்.

திட்டம் சுலபமானது. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடை லீவு. நானே பேட் மாற்றுகிறேன் என்று உட்கார்ந்துவிடுவது. பத்து மணிக்குக் கழற்ற ஆரம்பித்து இரண்டு மணிவரை கழற்றிக்கொண்டே இருப்பது. அதற்குள் பீரோ யார் முதுகிலாவது ஏறி மாடிக்குப் போயிருக்கும். சனிக்கிழமை கடையிலிருந்து வரும் வழியில் உதிரிபாகக் கடைக்குப் போய்ப் புதுப் பேட் ஒரு ஜோடி வாங்கினேன். சொல்லப்போகிற பொய் பொய்யாகத் தெரியக்கூடாது பாருங்கள்.

ஞாயிறு காலை. காபி முடிந்தது.

"என்னங்க, கிளம்பலாமா? பத்து மணிக்கு லாரி வருதுன்னு தம்பி சொன்னான்."

நான் முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டேன். "கிளம்பலாம்னுதான் பார்க்கிறேன். ஆனா உயிர் முக்கியமில்லையா?"

"யாரு உயிர்?"

"உன் உயிர்தாம்மா. பின்னால நீதானே உட்கார்றே. முன் பிரேக் சுத்தமா தேஞ்சு போச்சு."

"அதைத்தானே ஒரு மாசமா நான் கத்திட்டிருக்கேன்!"

"நீ ஒரு பக்கம் கத்தினே, பிரேக் ஒரு பக்கம் கத்திச்சு. எது எதுன்னு புரியல. இப்ப புரிஞ்சிடுச்சு. பேட் வாங்கிட்டேன். இன்னிக்கே மாத்திடறேன்."

"மெக்கானிக் இன்னிக்கு லீவாச்சே?"

"மெக்கானிக் எதுக்கு? நானே மாத்தறேன்."

இந்த இடத்தில் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகக் கொஞ்சம் கோபமும் வைத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. கண்களை அகல விரித்தாள்.

"நீங்களேவா?"

"நானேதான்."

"தெரியுமா உங்களுக்கு?"

"இதெல்லாம் ஒரு வித்தையா? நாலு போல்ட். ஆனா நேரம் ஆகும். உயிர் சம்பந்தப்பட்ட வேலை. ரெண்டு மணி ஆகலாம், மூணும் ஆகலாம். நீ வேணா பஸ்ல முன்னாடி போயிடேன்."

"நல்லா இருக்கே! இப்படி ஒரு வேலையில உங்களைத் தனியா விட்டுட்டு நான் போவேனா? தம்பி வீடு எங்க ஓடிடப் போகுது? நான் கூட இருந்து எடுத்துக் குடுக்கறேன்."

பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எத்தனை வண்டிக்கு எத்தனை பேட் மாற்றியிருப்பேன்!

ஐந்து நிமிஷத்தில் வாசல் முற்றம் ஆபரேஷன் தியேட்டராகிவிட்டது. பழைய படுக்கை விரிப்பை நான்காக மடித்துத் தரையில் போட்டாள். சமையலறையிலிருந்து பெரிய எவர்சில்வர் தட்டு வந்தது. அதில் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக. பழைய பல் துலக்கும் பிரஷ். சோப்புத் தண்ணீர். சுத்தமான துணி, ஈரத்துணி, இரண்டும் தனித்தனியாக. அவள் கையில், பேட் டப்பாவுக்குள் இருந்த விளக்கத் தாள். அதை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துச் செய்வதற்கு நான் என்ன புதுசா?

அப்புறம் அவள் மதில் பக்கம் போய்க் குரல் கொடுத்தாள்.

"அண்ணே! சும்மாத்தானே இருக்கீங்க? கொஞ்சம் இங்க வாங்களேன்!"

பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கால் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும்.

"அவரை எதுக்குக் கூப்பிடறே?" என்றேன்.

"நீங்க இவ்வளவு பெரிய வேலை செய்யும்போது பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது.

டிரைவர் அண்ணன் வந்தார். வண்டியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தம்பி, என்னத்துக்கு இந்த வேண்டாத வேலை?"

"பேட் மாத்தறேண்ணே."

"மெக்கானிக்கா நீங்க? மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போடற ஆளு. இதுவும் அதுவும் ஒண்ணா?"

"அண்ணே, நான் போடற திருகாணி உங்க கண்ணுக்கே தெரியாது. தெரியணும்னா நான் போட்ட கண்ணாடியைத்தான் நீங்க மாட்டணும். அதை முடுக்கற கைக்கு இந்த போல்ட்டெல்லாம் பூசணிக்காய் மாதிரி."

"இவரால ஆகாதும்மா," என்றார் அவர், என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம். "பொழுது சாயற வரைக்கும் இழுப்பாரு. அப்பவும் ஒரு கை போல்ட்டு மிஞ்சும்."

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. நிதானமா செய்வாரு. ரெண்டு மணி, மூணு மணி ஆகும்னு அவரே சொல்லிட்டாரு. பாவம், அவரால முடிஞ்சது அவ்வளவுதான்."

அந்தப் 'பாவம்' என்ற சொல் என் காதுக்குள் போய் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"மூணு மணியா!" டிரைவர் அண்ணன் சிரித்தார். "தம்பி, நான் இது வரைக்கும் யார் பின்னாலயும் உட்கார்ந்து போனதில்ல. பன்னெண்டு மணிக்குள்ள நீங்க இந்த வேலையை முடிச்சா, உங்க பின்னால உட்கார்ந்து தெருவைச் சுத்தி வரேன். போதுமா?"

"பன்னெண்டெல்லாம் வேண்டாங்க," என்றாள் அவள் பதறிப்போய். "அவசரப்படாதீங்க. முடியாததுக்கெல்லாம்..."

"நீ சும்மா இரு. பதினொண்ணரை!"

சொன்னது என் வாய்தான். மூளை கஷ்டப்பட்டு இரண்டு மணி என்று போட்டு வைத்த திட்டத்தை அது கேட்கவே இல்லை.

வேலையைத் தொடங்கினேன். பேட்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புப் பெட்டிக்குக் காலிப்பர் என்று பெயர். பெயரிலேயே 'காலி' இருக்கிறதே என்று ஒரு கணம் கை தயங்கியது. பெரிய ஸ்பேனருக்குக் கையை நீட்டினேன்.

"ஏங்க, ஒரு சந்தேகம்," என்றாள் அவள், தாளைப் பார்த்துக்கொண்டே. "இந்தப் பேட்டுக்கு நடுவுல போற கம்பியை, பின்னுன்னு போட்டிருக்கு, பெட்டி வண்டியில இருக்கும்போதே கொஞ்சம் லூஸ் பண்ணிக்கணுமா? இல்ல கழட்டினப்புறமா? கழட்டிட்டா பிடிமானம் இருக்காதோ?"

"இதுகூடத் தெரியாதா? முதல்லயே லூஸ் பண்ணணும்," என்றேன். தட்டென்று உள்ளங்கையில் சரியான ஸ்பேனர் வந்து விழுந்தது. ஆபரேஷனில் டாக்டர் கையில் கத்தி விழுவது இப்படித்தான் இருக்கும். கேட்க வேண்டாம், திரும்பிப் பார்க்க வேண்டாம். கையை நீட்டினால் போதும். நான் டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியவன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பின் தளர்ந்தது. இரண்டு போல்ட்டும் கழன்றன. காலிப்பர் கையோடு வந்தது. பழைய பேட்கள் விழுந்தன. தகடு மட்டும்தான் மிச்சம். அதில் ஒட்டியிருந்த பட்டை, மாசக் கடைசியில் தேய்ந்த சோப்பு மாதிரி.

"ஐயையோ, இதை வெச்சுக்கிட்டா ஓட்டினீங்க?" என்றார் டிரைவர் அண்ணன். அவர் குரலில் முதல் தடவையாக மரியாதை. பிரேக்குக்கா எனக்கா என்று தெரியவில்லை. எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

"போல்ட் ரெண்டு, பின் ஒண்ணு, பின் மூடி ஒண்ணு, ஸ்பிரிங் தகடு ஒண்ணு," என்று அவள் எண்ணித் தட்டில் வைத்தாள். உள்ளே அழுக்கு அப்பிக்கிடந்தது. பிரஷும் சோப்புத் தண்ணியும் போட்டுத் தேய்த்தேன். காலிப்பருக்குள் இருந்து பேட்டை அழுத்துகிற பிஸ்டன்கள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. அவற்றை உள்ளே தள்ளினால்தான் தடிமனான புதுப் பேட் நுழையும். கட்டைவிரலால் தள்ளினேன். அசையவில்லை. மறுபடி தள்ளினேன். விரல்தான் உள்ளே போவது போல் இருந்தது.

"மேல ஹேண்டில்பார்ல இருக்கிற பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறக்காம தள்ளினா போகுமாங்க?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றேன். "மூடியைத் திற."

"இந்த ஆயில் பட்டா பெயிண்ட் உரிஞ்சிடுமாமே. டேங்க் மேல ஈரத்துணி போடச் சொல்வீங்கன்னு போட்டுட்டேன்."

"நல்லது. பழைய பேட்டை..."

"அணைப்பா வெச்சு அழுத்தணும், அதானே? இந்தாங்க."

அவள் மனசுக்குள் புகுந்து பார்க்கிறாளோ என்று இருந்தது. நான் நினைப்பதற்கு முன்னாலேயே நான் நினைக்கப்போவது அவளுக்குத் தெரிந்தது. பழைய பேட்டை வைத்து அழுத்தினேன். பிஸ்டன்கள் முனகாமல் உள்ளே போயின. புதுப் பேட்களை, எண்ணெய்க் கை படாமல், பட்டை உள்பக்கம் பார்க்க வைத்துச் செருகினேன். பின்னை நுழைத்தேன். காலிப்பரை எடுத்து வண்டியில் மாட்டப் போனேன்.

"நில்லுங்க!"

நின்றேன். அந்தக் குரலுக்கு ஆஸ்பத்திரியில் பெரிய பெரிய சர்ஜன்கள் நிற்கிறார்கள். நான் எம்மாத்திரம்?

"எண்ணாம மூடக்கூடாது. தட்டுல ஸ்பிரிங் தகடு இருக்கு. அது வெளிய இருக்க வேண்டியதா, உள்ள இருக்க வேண்டியதா?"

பார்த்தேன். தகடு தட்டில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பளபளத்தது.

"உனக்குக் கவனம் இருக்கான்னு பார்த்தேன்," என்றேன்.

"நினைச்சேன்," என்றாள் அவள்.

தகட்டைப் போட்டு, பேட்டைப் போட்டு, மறுபடி பின்னைப் போட்டு, காலிப்பரை ஏற்றி, போல்ட் இரண்டையும் முடுக்கி, பின்னையும் இறுக்கி அதன் மூடியைப் போட்டேன். ஆயில் டப்பா மூடியை மூடினேன். மணி பதினொன்று இருபத்து மூன்று. எழுந்து நின்று, டிரைவர் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிரேக் லீவரைப் பிடித்தேன்.

லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் வந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது.

டிரைவர் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "சொன்னேனா? பிரேக்கே இல்ல! தம்பி, இனிமே காலை ஊனித்தான் நிறுத்தணும்!"

இரண்டு மணிவரை இழுக்க ஆண்டவனே கொடுத்த சந்தர்ப்பம் அது. 'அடடா, ஏதோ கோளாறு' என்று அங்கேயே மறுபடி எல்லாவற்றையும் கழற்றியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் பீரோ, மச்சினன், மூன்றாவது மாடி எதுவுமே என் நினைவில் இல்லை. என் பிரேக்! நான் போட்ட பேட்! அது பிடிக்காமல் போவதாவது?

"விட்டுட்டீங்களே, லீவரை இன்னும் கொஞ்சம் அடிச்சு அடிச்சு விட்டுப் பாருங்க," என்றாள் அவள் மெதுவாக. "பிஸ்டன் உள்ள தள்ளினோம்ல, திரும்பி வர வேண்டாமா?"

அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. லீவரில் லேசாக ஒரு உயிர் வந்தது. நான்கு, ஐந்து. கெட்டியானது. ஏழாவது தடவை கல் மாதிரி நின்றது. ஆயில் அளவைப் பார்த்தோம், சரியாக இருந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிடித்தேன். டக்கென்று நின்றது. சத்தமே இல்லை. ஒரு மாசமாகத் தெருவையே கலக்கிய அலறல், போன இடம் தெரியவில்லை.

மணி பதினொன்று இருபத்தெட்டு.

"ஏறுங்கண்ணே," என்றேன்.

டிரைவர் அண்ணன் சொன்ன சொல் தவறாதவர். பின்னால் ஏறினார். புதுப் பேட்டை முதலில் முரட்டுத்தனமாகப் பிடிக்கக்கூடாது, பதமாகப் பழக்க வேண்டும் என்று அவள் தாளைப் பார்த்துக் கேட்டிருந்தாள், நான் ஆமாம் என்றிருந்தேன். அதனால் தெருவில் மெல்லப் போய், மெல்லப் பிடித்து, மெல்ல நிறுத்தினேன். திரும்பவும். திரும்பவும். ஒவ்வொரு தடவை நான் பிரேக் பிடிக்கும்போதும் அவர் வலது கால் என் காலுக்குப் பக்கத்தில் காற்றை மிதித்தது. தெரு முக்கில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிடித்தேன். வண்டி வழுக்கவில்லை, கத்தவில்லை, மாட்டுக்கு நாலடி முன்னால் மரியாதையாக நின்றது. மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

வாசலுக்கு வந்ததும் டிரைவர் அண்ணன் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, என் கையைப் பிடித்தார்.

"தம்பி, டிப்போல இருந்திருந்தா உங்களை நான் விட்டிருக்கவே மாட்டேன்."

என் நெஞ்சு சட்டையின் இரண்டாவது பட்டனை ஒரு கை பார்த்தது. பீரோவுக்குப் பயந்து உட்கார்ந்தவன் ஹீரோவாக எழுந்துவிட்டேன். அந்த நிமிஷத்தில் யாராவது வந்து விமானத்துக்குப் பிரேக் மாற்றச் சொல்லியிருந்தால், எத்தனாம் நம்பர் ஸ்பேனர் என்றுதான் கேட்டிருப்பேன்.

திரும்பினேன். மனைவி கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல புடவை. தலைசீவி முடித்திருந்தாள். எப்போது உடுத்தினாள் என்றே தெரியவில்லை.

"பிரமாதங்க. கிளம்பலாமா? பன்னெண்டுக்குள்ள போயிடலாம்."

அப்போதுதான் எனக்குப் பீரோ ஞாபகம் வந்தது. ஆளுயரக் கண்ணாடியோடு வந்தது.

என்ன சொல்வது? வண்டி சரியில்லை என்றா? சரியாக இருக்கிறது என்று தெருவுக்கே காட்டியாகிவிட்டது. மாட்டுக்குக்கூடத் தெரியும்.

வண்டியை எடுத்தேன். ஒன்று சொல்ல வேண்டும், வழியெல்லாம் அந்தப் பிரேக் பிடித்த அழகில் வருத்தம் பாதி கரைந்துபோனது. சிக்னலில் தேவையில்லாமல்கூட ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன். பட்டுப்போல நின்றது. பின்னால் அவள் கை என் தோளில் இருந்தது. "சத்தமே இல்லங்க," என்று காதில் சொன்னாள். சரி, ஒரு பீரோதானே, தூக்கிவிட்டால் போகிறது என்றுகூடத் தோன்றியது.

புது வீட்டு வாசலில் மச்சினன் ஓடி வந்தான்.

"வாங்க மாமா! உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திட்டிருக்கோம்!"

முன்னெச்சரிக்கையாக இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டேன். "பீரோ எங்கடா?"

"மேல ஏத்தியாச்சு மாமா. பதினோரு மணிக்கே முடிஞ்சுது."

வேலையும் முடித்தேன், வாக்கும் காப்பாற்றினேன், பீரோவிலிருந்தும் தப்பித்தேன். ஒரே காலையில் மூன்று வெற்றி! "அடடே, கொஞ்சம் பொறுத்திருக்கக்கூடாதா? நானும் ஒரு கை குடுத்திருப்பேனே," என்று மனசார வருத்தப்பட்டேன்.

"பரவாயில்ல மாமா. என் ஆபீஸ் நண்பருங்க நாலு பேர் வந்தாங்க. அவங்களே பார்த்துக்கிட்டாங்க."

நான்கு வாட்டசாட்டமான ஆட்கள் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நான்கு பேரும் எழுந்து நின்றார்கள்.

"சார், பிரேக் ஸ்பெஷலிஸ்ட் நீங்கதானே?" என்றார் ஒருவர்.

"நானேதான்," என்றேன், யோசிக்காமல்.

"இந்தப் பக்கம் வாங்க மாமா," என்று மச்சினன் கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிப்போனான். அங்கே நிழலில் நான்கு மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு பை. பையில் பேட் டப்பாக்கள்.

"என்னடா இது?"

"அக்கா நேத்து சாயங்காலமே பேசிட்டாங்களே! சாமானைத் தூக்கிக் குடுத்தா, மாமா பிரேக் பேட் மாத்திக் குடுப்பாருன்னு. அப்புறம்தான் இவங்க வரவே ஒத்துக்கிட்டாங்க."

"நேத்து சாயங்காலமா?" மனைவி பக்கம் திரும்பினேன். "நான் உன்கிட்ட சொன்னதே இன்னிக்குக் காலையிலதானே?"

"நீங்க கடையில வேற மாடல் வண்டிக்குப் பேட் கேட்டீங்களாம்," என்றாள் அவள், சாதாரணமாக. "எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற கடைக்காரர்தான், அவருக்குச் சந்தேகம். பில் போடறதுக்கு முன்னாடி உள்ள போய் எனக்கு போன் பண்ணி, எது சரின்னு கேட்டுக்கிட்டார்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவேயில்லை. அந்த நான்கு பேரும் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் என் கண்ணாடிக் கடையில் யாரும் என் கையை அப்படிப் பார்த்ததில்லை. நெஞ்சு மறுபடியும் பட்டனை முட்டியது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

"சரி, நாலு பிரேக்தானே? ஆளுக்கு ஒரு மணி நேரம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் காட்டறேன்!"

மச்சினன் தலையைச் சொறிந்தான்.

"எட்டு மாமா. எல்லா வண்டியிலயும் பின்னாடியும் டிஸ்க் பிரேக்குதான்."